‘ஹட்ச் நாய்’ குறட்டை விடுவது க்யூட் இல்லை: பக் இனத்தின் முகமே நோயாக இருப்பது எப்படி?

‘பக்’ என்று சொன்னால் சில வீடுகளில் இன்றும் புரியாது. ‘ஹட்ச் நாய்’ என்று சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும். 2003-ல் வந்த அந்த டிவி விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு குட்டி நாய் ஓடும். தட்டை மூஞ்சி, நெற்றி நிறைய சுருக்கம், கோலிக்குண்டு மாதிரி கண், சுருட்டி வைத்த வால். 2007-ல் ஹட்ச், வோடஃபோன் ஆனது. பிறகு அந்தப் பெயரும் மாறிவிட்டது. நாய்க்கு நம் ஊர் வைத்த பெயர் மட்டும் மாறவே இல்லை.

விஸ்காம் வகுப்புகளில் இந்த விளம்பரம் ஒரு சூப்பர் வெற்றிக் கதை. ஆனால், அதன் இரண்டாம் பாதியை யாரும் பாடமாக நடத்துவதில்லை. அந்த விளம்பரத்துக்குப் பிறகு நாடு முழுக்க பக் குட்டிகளுக்கு டிமாண்ட் எகிறியது. விலையும் சேர்ந்து எகிறியது. கேட்கிறவர்கள் அதிகமானதும் விற்கிறவர்களும் அதிகமானார்கள். சொந்த மூக்கு வழியாக ஒழுங்காக மூச்சுவிடவே சிரமப்படும் ஒரு நாய், 40 டிகிரி வெயில் அடிக்கும் ஊர்களின் அப்பார்ட்மென்ட்டுகளுக்கு வந்து சேர்ந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக் குட்டி வாங்காதீர்கள். அது மோசமான நாய் என்பதால் அல்ல. பாசத்தில் அதை அடிச்சுக்க ஆளே இல்லை. ஆனால் ‘இதுதான் இதோட அழகு’ என்று நாம் விரல்விட்டு எண்ணும் ஒவ்வொன்றும் அதன் உடம்பில் ஒரு நோய்க்குக் காரணமாக இருக்கிறது. அந்த அழகுக்கு நாம் பணம் கொடுக்கும்வரை, அந்த நோயோடு குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும்.

‘ஓவரா பேசுற மாதிரி இருக்கே?’ என்று தோன்றலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலும்பு சுருங்கியது, சதை சுருங்கவில்லை

ஒரு நாட்டு நாயின் முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் மூக்கு நீண்டு இருக்கும். உள்ளே காற்று போக நல்ல இடம் இருக்கும். பக்குக்கு அந்த நீளம் கிட்டத்தட்ட இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தட்டை முகம் உள்ள நாய்களையே தேர்ந்தெடுத்து ஜோடி சேர்த்ததில் மண்டை ஓட்டின் முன்பகுதி சுருங்கிவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், எலும்பு சுருங்கிய அளவுக்கு அதற்குள் இருக்கும் சதை சுருங்கவில்லை. பெரிய சூட்கேஸில் வைக்க வேண்டிய துணியை லேப்டாப் பையில் அடைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் பக்கின் தொண்டைக்குள் நடக்கிறது. மேல் அண்ணத்தின் பின்பகுதியில் இருக்கும் மென்மையான சதை நீண்டுபோய்க் காற்று நுழையும் வழியில் தொங்குகிறது. நாக்கு, வாய்க்குள் இருக்கும் இடத்தை மிஞ்சி நிற்கிறது. நாசித்துவாரங்கள் வட்டமாகத் திறந்திருக்காமல் வெறும் கீறல் மாதிரி இருக்கின்றன.

இத்தனை தடைகளையும் தாண்டிக் காற்றை இழுக்க நாய் ரொம்பவே சிரமப்பட வேண்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் அப்படி இழுத்து இழுத்துக் குரல்வளையைச் சுற்றியுள்ள திசுக்களும் வீங்கி உள்பக்கமாகச் சாய்ந்து, இருக்கிற வழியையும் அடைக்கின்றன. அதாவது, வயது ஏற ஏற நிலைமை இன்னும் மோசமாகும். இந்த மொத்தப் பிரச்னைக்கும் கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பி.ஓ.ஏ.எஸ். நம் பாஷையில், தட்டை முக நாய்களின் மூச்சுக்குழல் அடைப்பு நோய்.

இப்போது இன்ஸ்டாவில் பார்க்கும் பக் ரீல்ஸை நினைத்துப் பாருங்கள். குறட்டை விட்டுத் தூங்கும் பக். உட்கார்ந்தபடியே தூங்கி விழும் பக். வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டே தூங்கும் பக். மூன்றுக்கும் சிரிக்கும் எமோஜி குவியும். படுத்தால் தொண்டை அடைத்துக்கொள்வதால் சில நாய்கள் உட்கார்ந்தே தூங்கப் பழகுகின்றன. வாய் மூடினால் மூச்சு முட்டும் என்பதால் பொம்மையை வைத்து வாயைத் திறந்து வைத்துக்கொள்கின்றன. நாம் லைக் போடுவது ஒரு நோயாளி தன் நோயைச் சமாளிக்கும் வித்தைக்கு.

வெயிலில் என்ன ஆகும்?

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. உள்ளங்கால் பகுதியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். உடம்புச் சூட்டைக் குறைக்க நாயின் முக்கிய ஆயுதம், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது. நாக்கிலும் மூக்கின் உள்பகுதியிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிரும்.

பக்குக்கு அந்த ஆயுதமே உடைந்திருக்கிறது. மூக்கின் உள்பரப்பு குறைவு, காற்று போகும் வழி குறுகல். சூடு ஏறும்போது வேகமாக மூச்சிரைக்கிறது. வேகமாக இரைக்க இரைக்கத் தொண்டைத் திசு வீங்குகிறது. வீங்கியதும் காற்று இன்னும் குறைகிறது. உடம்பைக் குளிர்விக்க எடுக்கும் முயற்சியே உடம்பை மேலும் சூடாக்குகிறது.

பிரிட்டனில் 2016-ம் ஆண்டின் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. லேப்ரடாரோடு ஒப்பிட்டால் பக்குக்கு வெப்ப பாதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு என்றது அது. கவனியுங்கள், இது பிரிட்டன் வெயிலில்! சென்னையில் வெயிலோடு காற்றில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். காற்றே ஈரமாக இருந்தால் நாக்கின் ஈரம் எப்படி ஆவியாகும்? கத்திரி வெயிலில் நமக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த நாயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தட்டை முக நாய்களை கார்கோவில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

மூச்சோடு முடியவில்லை

*கண்:* மண்டை ஓடு தட்டையானதால் கண் உட்கார வேண்டிய குழியும் ஆழமில்லாமல் போனது. உருண்டு வெளியே தெரியும் அந்தப் பெரிய கண், இமை முழுதாக மூடிப் பாதுகாக்க முடியாத கண். தூசி, நகக்கீறல், வறட்சி என எல்லாமே கருவிழியில் புண்ணாக்கும். மூக்குக்கு மேலே இருக்கும் தோல் மடிப்பின் முடிகூடக் கண்ணில் உரசிக்கொண்டே இருக்கலாம். தலையில் அடிபட்டாலோ கழுத்தைப் பிடித்து இழுத்தாலோ கண் குழியிலிருந்து பிதுங்கி வெளியே வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

*தோல்:* நெற்றிச் சுருக்கம் பார்க்க ‘ஏதோ சோகமா யோசிக்கிற மாதிரி’ இருக்கும். அந்த மடிப்புகளுக்குள் காற்று போகாது. ஈரம் தங்கி, கிருமி பெருகி, நாற்றமும் புண்ணும் வரும்.

*முதுகு:* வால் சுருள்வது என்பது வால் எலும்புகள் கோணலாக இருப்பது. முதுகெலும்பிலும் சில கட்டைகள் முழு வடிவம் பெறாமல் ஆப்பு போல உருவாவது பக் உள்ளிட்ட சுருள்வால் இனங்களில் அதிகம். எல்லா நாய்க்கும் தொல்லை வராது. தண்டுவடம் அழுத்தப்படும் நாய்களுக்குப் பின்னங்கால்கள் தள்ளாட ஆரம்பிக்கும்.

*மூளை:* இனத்தின் பெயரையே தாங்கி ஒரு நோய் இருக்கிறது, ‘பக் டாக் என்செஃபலைட்டிஸ்’. இளம் வயதிலேயே மூளையில் அழற்சி ஏற்பட்டு, வலிப்பு வந்து, பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். அரிதானதுதான், ஆனால் பரம்பரைத் தொடர்பு உள்ளது. ஆபத்து அதிகமுள்ள மரபணு அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட்கூட வந்துவிட்டது.

எண்கள் என்ன சொல்கின்றன?

‘எல்லா நாய்க்கும்தான் ஏதாவது வியாதி வரும்’ என்ற பதில் ரெடியாக இருக்கும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடிய ஆய்வு லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினுடையது, 2022-ல் வெளியானது. 4,308 பக் நாய்களின் மருத்துவப் பதிவுகளையும் 21,835 மற்ற நாய்களின் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள்.

ஏதோ ஒரு நோயாவது இருக்கும் வாய்ப்பு, மற்ற நாய்களைவிட பக்குக்கு சுமார் 1.9 மடங்கு. மூச்சுக்குழல் அடைப்பு நோய்க்கு சுமார் 54 மடங்கு. நாசித்துவாரக் குறுகலுக்கு சுமார் 51 மடங்கு. கருவிழிப் புண்ணுக்கு 13 மடங்கு. தோல் மடிப்புத் தொற்றுக்கு 11 மடங்கு. உடல் பருமனுக்கு 3.4 மடங்கு.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்குக்குக் குறைவாக வரும் பிரச்னைகளும் அதே ஆய்வில் உண்டு. ஆக்ரோஷம் குறைவு, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் குறைவு. அதாவது, பக்கை மட்டம் தட்ட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய அறிக்கை அல்ல அது. அப்படியும் ஆய்வாளர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான்: ஆரோக்கியத்தை வைத்துப் பார்த்தால், பக்கை இனி ஒரு வழக்கமான நாயாகக் கருத முடியாது.

எப்போது இப்படி ஆனது?

பக்கின் பூர்வீகம் சீனா. டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-ல் தன்னையும் தன் பக்கையும் சேர்த்து ஒரு ஓவியம் வரைந்தார். லண்டன் டேட் கேலரியில் இருக்கிறது, கூகுளில் தேடினால் கிடைக்கும். நாயின் பெயர் டிரம்ப் (ஆமாம், அதே பெயர்தான்!). அதன் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நன்றாகத் தெரிகிற மூக்கு இருக்கும். இன்றைய பக்கைப் பக்கத்தில் நிறுத்தினால் சொந்தக்காரர்கள் என்றே சொல்ல மாட்டீர்கள்.

1873-ல் பிரிட்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. நாய் கண்காட்சிகள் பிரபலமாயின. ஒவ்வொரு இனமும் ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்தார்கள். பரிசு வாங்கிய நாயின் வாரிசுகளுக்கு மவுசு. கொஞ்சம் தட்டையாக இருந்தால் அழகு என்றால், இன்னும் தட்டையாக இருந்தால் இன்னும் அழகு என்று போட்டி போனது. பரிசு வாங்கிய ஒரே கடுவன் நாயை நூற்றுக்கணக்கான குட்டிகளுக்கு அப்பாவாக்கினார்கள். நெருங்கிய உறவுக்குள் ஜோடி சேர்த்தார்கள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது டாக்டர்கள் எதற்காக எச்சரிக்கிறார்களோ, அதே காரணம் நாய்க்கும் பொருந்தும். மறைந்திருக்கும் கோளாறு அப்பா பக்கமும் அம்மா பக்கமும் சேர்ந்து குட்டிக்கு வந்துவிடும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-ல் வம்சாவளிப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது இது எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. பிரிட்டனில் இருந்த சுமார் 10,000 பக் நாய்களுக்குள் இருந்த மரபு வேறுபாடு, வெறும் 50 நாய்களுக்குள் இருக்கக்கூடிய அளவுதான். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பிபிசி ஒளிபரப்பிய ‘பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்டு’ ஆவணப்படம் இந்த விஷயத்தை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுபோனது. உலகப் புகழ்பெற்ற க்ரஃப்ட்ஸ் நாய் கண்காட்சியை அடுத்த ஆண்டு பிபிசி ஒளிபரப்பவில்லை.

முகத்தின் நீளத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களையும் கண்டுபிடித்துவிட்டார்கள். நாய் இனங்களுக்கு இடையே முக நீளத்தில் இருக்கும் வித்தியாசத்தில் 36% வரை எஸ்.எம்.ஓ.சி.2 என்ற ஒரே மரபணுவால் விளக்க முடியும் என்றது 2017-ல் வந்த ஒரு ஆய்வு. இதில் ஒரு விஷயம் முக்கியம். மற்ற பரம்பரை நோய்களில் ‘நோயுள்ள நாயை விலக்கு, நல்ல நாயை வைத்துக்கொள்’ என்று சொல்ல முடியும். பக்கில் மூச்சை அடைக்கும் அந்தத் தட்டை முகம்தான் ‘நல்ல பக்’ என்பதற்கே அடையாளம்.

‘எங்க வீட்டு பக் நல்லாத்தான் இருக்கு’

பக் வளர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில் இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனதார நம்புகிறார்கள்.

மூச்சுக்குழல் அடைப்பு உறுதியான நாய்களின் உரிமையாளர்களிடம் ‘உங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்னை உண்டா?’ என்று கேட்ட பிரிட்டன் ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. 58% பேர் ‘இல்லை’ என்றார்கள். குறட்டையும் கரகரப்பும் ‘இந்த இனத்துக்கு நார்மல்’ என்று நினைத்துக்கொண்டார்கள். 2019-ல் தட்டை முக நாய்கள் வளர்க்கும் 2,168 பேரிடம் கேட்டபோது, சுமார் 71% பேர் தங்கள் நாய் மிக நல்ல அல்லது மிகச்சிறந்த ஆரோக்கியத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அதே கூட்டத்தில் ஐந்தில் ஒருவரின் நாய்க்கு, உடலமைப்பால் வந்த பிரச்னைக்காக ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருந்தது!

இதை வைத்து அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. பார்க்கிற எல்லா பக்கும் ஒரே மாதிரி சத்தம் போட்டால், எது நார்மல் என்று எப்படித் தெரியும்? நாயும் வாய் திறந்து சொல்லாது. மூச்சு முட்டும்போதும் உங்களைப் பார்த்தால் வாலாட்டும். அதன் பாசமே அதன் கஷ்டத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதனால்தான் ‘பார்த்தா ஹேப்பியா இருக்கே’ என்பதை ஆரோக்கியத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம் ஊரில் சட்டம் என்ன செய்கிறது?

இந்தியாவில் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017 முதல் விதிகள் உண்டு. பிரீடர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால், குட்டியை எங்கே வளர்க்கிறார்கள், எப்போது விற்கிறார்கள் என்பதைத்தான் அவை அதிகம் கவனிக்கின்றன. தாய் நாயின் மூக்கு எவ்வளவு நீளம், மூன்று நிமிஷம் ஓடினால் அதற்கு மூச்சு வாங்குகிறதா என்று யாரும் அளப்பதில்லை.

2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒரு படி மேலே போனது. நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத, உடல்நலச் சிக்கல் உள்ள 11 வெளிநாட்டு இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை என்றது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு இருக்கும் அந்தப் பட்டியலில் பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் உண்டு.

அதன் நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் எழுதித் தடை போட்டால் ஓட்டை விழும். தடை இல்லாத மாநிலத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஒரு கூடையில் குட்டி வந்துவிடும். பட்டியலில் இல்லாத இன்னொரு தட்டை மூஞ்சி நாய் அடுத்த ஃபேஷன் ஆகிவிடும். ஷிட்சூ இப்போதே பல வீடுகளில் இருக்கிறது. அதுவும் தட்டை முகம்தான்.

பெயருக்குப் பதில் உடம்பை அளக்கலாம். நெதர்லாந்து அதைத்தான் செய்கிறது. 2019-ல் வகுத்த அளவுகோலின்படி, மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்பதே இலக்கு. என்ன இனம் என்பது இரண்டாம் கேள்விதான்.

பிரிட்டனில் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதே 2019-ல் ஒரு மூச்சுப் பரிசோதனைத் திட்டத்தை ஆரம்பித்தன. ரொம்ப சிம்பிள். ஸ்டெதஸ்கோப் வைத்துத் தொண்டைச் சத்தத்தைக் கேட்கிறார்கள். நாயை மூன்று நிமிஷம் வேகமாக நடக்க வைக்கிறார்கள். திரும்பக் கேட்கிறார்கள். 0 முதல் 3 வரை கிரேடு. 3 வந்தால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அறிவுரை. பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை, பயிற்சி பெற்ற மருத்துவர் போதும்.

இதை நாம் ஏன் செய்யக் கூடாது? இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் இருப்பது சென்னையில். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருப்பதும் இதே சென்னையில். மூச்சு கிரேடு இல்லாத தட்டை முக நாயின் குட்டிகளுக்கு வம்சாவளிச் சான்றிதழ் கிடையாது என்று கிளப் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனையைக் கற்றுக்கொடுக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளலாம். சான்றிதழே இல்லாமல் விற்கும் வீட்டு பிரீடர்களை இது தொடாது என்பது உண்மைதான். ஆனால் ‘ஒரிஜினல் பெடிக்ரீ’ என்ற வார்த்தைக்குப் பின்னால் ஏதாவது அர்த்தமாவது இருக்கும்.

கலப்பினம் இன்னொரு வழி. ஜெர்மனியில் ஜாக் ரஸல் டெரியர் மாதிரி நாய்களோடு சேர்த்து, மூக்கு நீண்ட ‘ரெட்ரோ பக்’ நாய்களை உருவாக்கியிருக்கிறார்கள். ‘அது ப்யூர் பக் இல்லையே’ என்று சொல்வார்கள். இருக்கட்டுமே. மூச்சுவிட முடிகிறதே!

அப்போ நாட்டு நாய் வாங்கினால் ஓகேவா?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நீள மூக்கு நாய்கள். நம் வெயிலுக்குப் பழகியவை. மூச்சு விஷயத்தில் பக்கோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் ‘நாட்டு நாய்’ என்ற லேபிள் மட்டும் பாதுகாப்பு தராது. ராஜபாளையத்தில் தூய வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததில், பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பது தெரிந்த பிரச்னை. தோற்றத்துக்காக மட்டும் ஒரு உயிரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் ஒரு உதாரணம்தான். தவிர, வேட்டை நாயான சிப்பிப்பாறையை 2 பெட்ரூம் ஃபிளாட்டில் கட்டிப் போடுவதும் நியாயமில்லை.

ஃபிளாட்டில் ஒரு நாய் வேண்டும் என்றால் என் ஓட்டு தெரு நாய்க் குட்டிக்குத்தான். பல வம்சம் கலந்தது, முகம் தட்டையில்லாதது, நம் வெயிலில் பிறந்தது. விலை கிடையாது. தத்து கொடுக்கக் காப்பகங்கள் காத்திருக்கின்றன.

வீட்டில் ஏற்கெனவே பக் இருந்தால்?

குற்ற உணர்ச்சியில் உட்கார வேண்டாம். அந்த நாய்க்கு உங்களை விட்டால் யாரும் இல்லை. இவற்றைச் செய்யுங்கள்:

* *எடை:* இதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய மருந்து. குண்டானால் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேரும். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து பாவமாகப் பார்க்கும், இரங்காதீர்கள்.
* *கழுத்துப் பட்டை வேண்டாம்:* மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். கழுத்தை இழுத்தால் மூச்சுக்கும் கண்ணுக்கும் ஆபத்து.
* *வாக்கிங்:* விடியற்காலை அல்லது நன்றாக இருட்டிய பிறகு. கோடையில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.
* *கார்:* நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள்.
* *தினமும்:* முக மடிப்புகளைத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். கண் சிவந்தாலோ, ஒரு கண்ணை மூடியே வைத்திருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றால் பார்வை போகலாம்.
* *மூச்சுப் பரிசோதனை:* தடுப்பூசிக்குப் போகும்போது ‘இதுக்கு மூச்சுக்குழல் அடைப்பு இருக்கா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். நாசித்துவாரத்தை அகலப்படுத்தவும், நீண்ட அண்ணச் சதையைக் குறைக்கவும் ஆபரேஷன் உண்டு. முற்றுவதற்கு முன் செய்தால் பலன் அதிகம்.
* *அவசரம்:* நாக்கு நீலமாவது, நுரை தள்ளுவது, தள்ளாடி விழுவது இவையெல்லாம் ஆபத்து. நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். மொட்டை மாடி டேங்க்கில் கொதித்துக் கிடக்கும் தண்ணீர் உதவாது. குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்தாலும் தப்பில்லை. குளிர்விக்கத் தொடங்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.
* *கடைசியாக:* ‘ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும்’ என்று ஜோடி தேடாதீர்கள். மருத்துவரிடம் பேசிக் கருத்தடை செய்துவிடுங்கள்.

நாம் கேட்பதால்தான் பிறக்கிறது

பிரீடரைத் திட்டுவது ஈஸி. விளம்பரக் கம்பெனியைத் திட்டுவது அதைவிட ஈஸி. ஆனால் அந்த விளம்பரத்தில் ‘இந்த நாயை வாங்கு’ என்று யாரும் சொல்லவில்லை. சிம் கார்டு விற்க எடுத்த விளம்பரம் அது. பார்த்த நாம்தான் நாயைக் கேட்டோம். இன்று அந்த வேலையை டிவி செய்யவில்லை, நம் போன் செய்கிறது. ஒவ்வொரு ‘சோ க்யூட்’ கமென்ட்டும் எந்த முகத்துக்கு மார்க்கெட் இருக்கிறது என்று யாரோ ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பக் அழிந்துபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹோகார்த் ஓவியத்தில் இருப்பது மாதிரி ஒரு மூக்கோடு அது திரும்பி வரட்டும். வேண்டாத முகத்துக்குக் காசு கொடுப்பதை நிறுத்தினால், நல்ல பிரீடர்களுக்கு அதை வளர்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

அடுத்த தடவை தூங்கும் பக் ரீல் ஒன்று உங்கள் ஃபீடில் வந்தால், பின்னணிப் பாட்டு இல்லாத வீடியோவாகத் தேடிப் பிடித்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் அப்படி மூச்சுவிட்டால் நீங்கள் போனில் வீடியோ எடுப்பீர்களா, ஆம்புலன்ஸுக்கு போன் போடுவீர்களா?